ரக்கிங் நிகழ்வுகள்: தேர்ந்தெடுப்பதும் தயாராவதும்

முதுகுப்பையில் எடையை வைத்துக்கொண்டு நெடுந்தொலைவு நடக்கும் ரக்கிங்கைத் தனியாகச் செய்வதற்கு ஒரு பையும் சிறிது எடையும் போதும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், களைப்பாக இருந்தால் பாதி எடையை எடுத்துவிடலாம். அமைப்பாளர் ஒருவர் நடத்தும் நிகழ்வில் அந்தச் சலுகைகள் இல்லை. பையின் எடை இவ்வளவு இருக்க வேண்டும், தொலைவை இத்தனை மணிக்குள் கடக்க வேண்டும், இன்னின்ன பொருள்கள் பையில் இருந்தே ஆக வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. ஆகவே இத்தகைய நிகழ்வுக்குத் தயாராகும் வேலை, அதன் விதித்தாளை முதலில் கையில் எடுத்து அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதிலேயே தொடங்குகிறது. எந்தக் காலணி, எவ்வளவு சுமை, என்ன வேகம், எத்தனை வாரப் பயிற்சி ஆகிய அனைத்துக்கும் விடை அந்தத் தாளில்தான் இருக்கிறது. பொதுவான உடற்பயிற்சித் திட்டம் ஒன்றைப் பின்பற்றிவிட்டுக் கிடைத்த நிகழ்வில் போய் நிற்பவர்கள் திணறுவதற்குக் காரணம், பெரும்பாலும், அவர்களுடைய பயிற்சிக்கும் நிகழ்வுக்கும் தொடர்பே இல்லாமற்போவதுதான்.

நிகழ்வுகளின் வகைகள்

முதல் வகை கடிகாரத்தோடு மோதுவது. நார்வே இராணுவத்தில் 1915-ஆம் ஆண்டு தொடங்கிய நார்வேஜியன் ஃபுட் மார்ச் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குறைந்தது 11 கிலோ சுமையுடன் 30 கிலோமீட்டர் நடக்க வேண்டும். வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப நேர வரம்பு மாறும். 21 முதல் 34 வயது வரையுள்ள ஆண்களுக்கு நான்கரை மணி நேரமும், அதே வயதுப் பெண்களுக்கு ஐந்தே கால் மணி நேரமும் தரப்படுகின்றன. பிரிட்டனின் பாராசூட் படைப்பிரிவின் தேர்வு நடையைத் தழுவிய பாராஸ் 10 இன்னும் கடுமையானது. 16 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தொலைவை, ஏறத்தாழ 16 கிலோ பையுடன், பூட்ஸ் அணிந்து 1 மணி 50 நிமிடத்தில் முடிப்பதே அதன் சுமைப் பிரிவில் இலக்கு. வேல்ஸில் 886 மீட்டர் உயரமுள்ள பென் இ ஃபேன் சிகரத்தை இருமுறை ஏறிக் கடக்கும் 24 கிலோமீட்டர் ஃபேன் டான்ஸும் இதே குடும்பம்தான். அங்கே கடிகாரத்தோடு மலையும் சேர்ந்துகொள்கிறது.

இரண்டாவது வகையில் தொலைவே பெரிய சவால். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் வொயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் நடக்கும் பட்டான் நினைவு நடை, 1942 ஏப்ரலில் பிலிப்பைன்ஸில் போர்க்கைதிகள் நடத்திச் செல்லப்பட்ட கொடிய பயணத்தை நினைவுகூர்வது, 1989-இல் தொடங்கியது. மாரத்தான் அளவான 42 கிலோமீட்டர் பாலைவனப் பாதையில், கனப் பிரிவில் சேர்பவர்கள் குறைந்தது 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோ சுமக்க வேண்டும். பலரும் அரிசியையும் பயறு வகைகளையும் எடையாகக் கொண்டு சென்று, முடிவில் உணவு வங்கிக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். 1909-இல் தொடங்கி, நெதர்லாந்தின் நைமேகன் நகரில் நடந்துவரும் நான்கு நாள் நடையில் இராணுவப் பிரிவினர் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் வீதம், 10 கிலோ பையுடன் நான்கு நாள்களும் நடக்கிறார்கள். இதில் பொதுமக்களுக்குச் சுமை கட்டாயமில்லை. ஒரே நாளில் 40 கிலோமீட்டர் நடப்பதும், மறுநாள் விடியும்போது வீங்கிய பாதத்தைக் காலணிக்குள் மீண்டும் நுழைப்பதும் வெவ்வேறு திறமைகள் என்பது இரண்டாம் நாள் காலையில் புரியும்.

மூன்றாவது வகை குழு நிகழ்வுகள். அமெரிக்கச் சிறப்புப் படையில் பணியாற்றிய ஜேசன் மெக்கார்த்தி 2008-இல் தொடங்கிய கோரக் நிறுவனம் 2010 முதல் நடத்திவரும் நிகழ்வுகள் இந்த வகையைப் பரவலாக்கின. முன்னாள் படைவீரர் ஒருவர் தலைமையில் குழுவாக நடந்து, இடையிடையே மணல்மூட்டைகளையும் மரத்தடிகளையும் சுமந்து, தரையில் தவழ்ந்து, தண்டால் எடுத்து, விடியும்வரை தொடர்வது அவற்றின் இயல்பு. டஃப் எனப்படும் நிகழ்வு ஏறத்தாழ 12 மணி நேரமும், ஹெவி 24 மணி நேரமும், செலக்‌ஷன் 48 மணி நேரமும் நீள்பவை. செலக்‌ஷன் மட்டும் தனிநபர் தேர்வு. மற்ற இரண்டிலும் முதலாவதாக வருவதற்குப் பரிசில்லை. குழு பின்தங்காமல் இருப்பதே கணக்கு. இதே நிறுவனத்தின் ஸ்டார் கோர்ஸ் சற்று மாறுபட்டது. இரண்டு முதல் ஐந்து பேர் கொண்ட குழுக்களுக்குத் தொடக்கத்தில் இடங்களின் பட்டியல் தரப்படும். பாதையை அவர்களே வகுத்துக்கொள்ள வேண்டும். நீண்ட பிரிவில் சுமார் 80 கிலோமீட்டரை 20 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். வரைபடத்தைத் தவறாக வாசித்த குழு, வலுவான கால்கள் இருந்தும் தேவையில்லாத கிலோமீட்டர்களைச் சுமந்தே நடக்க நேரிடும்.

முதல் நிகழ்வாக எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், கடும் நேர வரம்பில்லாத, 10 முதல் 20 கிலோமீட்டருக்குள் முடிகிற, எடையை ஓரளவு தானே முடிவுசெய்துகொள்ளக்கூடிய ஒன்றையே நான் பரிந்துரைப்பேன். இரவு முழுவதும் நடக்கும் குழு நிகழ்வைத்தான் பலரும் முதலில் விரும்புகிறார்கள். அதன் படங்கள் அப்படி ஈர்க்கின்றன. ஆனால் சுமையோடு மூன்று மணி நேரம் நடக்கும்போது தன் பாதமும் தோளும் எப்படி நடந்துகொள்கின்றன என்று அறியாதவருக்கு அங்கே கற்றுக்கொள்ள அவகாசம் கிடைக்காது. அவருடைய சுமையை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டிய நிலையும் வரலாம்.

எங்கே, எப்படித் தேடுவது

ரக்கிங் என்ற ஒரே சொல்லை வைத்துத் தேடினால் பாதி நிகழ்வுகள் கண்ணில் படாது. பிரிட்டனில் தரைப்படையினர் இதை டேபிங் என்பார்கள், கடற்படையைச் சேர்ந்த ராயல் மரைன் வீரர்கள் யோம்பிங் என்பார்கள். வேறிடங்களில் ரக் மார்ச், ஃபுட் மார்ச், லோடட் மார்ச் என்ற பெயர்களில் அறிவிப்பு வரும். சாதாரண மாரத்தான்களிலும் மலைப்பாதை ஓட்டங்களிலும் இராணுவப் பிரிவு, கனப் பிரிவு, சுமைப் பிரிவு என ஓர் உட்பிரிவு ஒளிந்திருப்பதுண்டு. பதிவுப் படிவத்தைத் திறந்து பிரிவுகளின் பட்டியலைப் பார்த்தால்தான் அது தெரியும். போர் நினைவு நாள்களை ஒட்டியும், முன்னாள் படைவீரர்களின் நலனுக்காக நிதி திரட்டவும் நடத்தப்படும் நடைகளில் சுமையோடு வருபவர்களுக்கு இடம் இருப்பது வழக்கம் என்பதால், அந்த அமைப்புகளின் ஆண்டு நிகழ்ச்சி நிரல்களைக் கவனித்துவருவது பயன்தரும். நார்வேஜியன் ஃபுட் மார்ச் போன்றவற்றை மற்ற நாடுகளில் இராணுவப் பிரிவுகளும் மாணவர் பயிற்சிப் படைகளும் நடத்துகின்றன. முறையான அங்கீகாரத்துடன் நடந்தால்தான் பதக்கம் செல்லும் என்பதால் அதைக் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

இவற்றையெல்லாம்விட நம்பகமான வழி, வாரந்தோறும் சேர்ந்து நடக்கும் உள்ளூர்க் குழு ஒன்றில் இணைவதே. எந்த அமைப்பாளர் சொன்ன நேரத்துக்குத் தொடங்குவார், எந்தப் பாதையில் தண்ணீர் கிடைக்காது, எந்த நிகழ்வின் அறிவிப்பில் உள்ள தொலைவு உண்மையில் கூடிவிடும் என்பன போன்ற செய்திகள் விளம்பரத்தில் வராது. போய்வந்தவர் வாயிலிருந்துதான் வரும். அருகில் நிகழ்வே இல்லாதவர்கள், தத்தம் இடத்தில் நடந்து ஜிபிஎஸ் பதிவை அனுப்பும் இணையவழி நிகழ்வுகளில் சேரலாம். நேரத்தையும் தொலைவையும் ஒரு கெடுவுக்குள் முடிக்கும் பழக்கத்துக்கு அது உதவும். எடைச் சோதனை, கூட்டம், காத்திருப்பு ஆகியவற்றைக் கற்றுத்தராது.

பணம் கட்டுவதற்கு முன் விதித்தாளில் பார்க்க வேண்டியவை

மிக முதன்மையான கேள்வி, குறைந்தபட்ச எடை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதே. பல நிகழ்வுகளில் தண்ணீரும் உணவும் இல்லாமல் வரும் எடையைத்தான் ஏற்பார்கள். தண்ணீரையும் சேர்த்து 11 கிலோ வைத்துக்கொண்டு புறப்பட்டவர், வழியில் இரண்டு லிட்டரைக் குடித்துத் தீர்த்துவிட்டு முடிவுக்கோட்டில் எடைத் தராசின் முன் நிற்கும்போது அவர் பையில் ஒன்பதுதான் இருக்கும். நடந்தது அத்தனையும் வீணாகும். சோதனை தொடக்கத்தில் மட்டுமா, முடிவிலுமா, இடையிலும் உண்டா என்று பார்க்க வேண்டும். சில நிகழ்வுகளில் உடல் எடையைப் பொறுத்துச் சுமை மாறும். கோரக் டஃப் நிகழ்வில் 68 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்குச் சுமார் 9 கிலோ, கூடியவர்களுக்குச் சுமார் 13.6 கிலோ என்ற அளவு நடைமுறையில் இருந்துவந்திருக்கிறது. எல்லைக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்கள் கனமான அளவுக்கே பழகிக்கொள்வது பாதுகாப்பு. எந்த நிகழ்வானாலும் விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. சென்ற ஆண்டு போனவர் சொன்னதை வைத்துப் பையைக் கட்டக்கூடாது.

அடுத்து, பாதையின் இடைப்புள்ளிகளில் நேர வரம்பு உண்டா, பூட்ஸ் கட்டாயமா, நடைக்கோல்கள் அனுமதிக்கப்படுமா, ஓடலாமா, காதில் இசைக்கருவி மாட்டலாமா, தண்ணீர் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை கிடைக்கும், மருத்துவ உதவி எங்கே இருக்கும் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இராணுவ வளாகத்துக்குள் நடக்கும் நிகழ்வானால் நுழைவுக்குரிய அடையாள ஆவணம் முன்கூட்டியே கேட்கப்படலாம். வெளிநாட்டவருக்கு அது பல வாரம் எடுக்கும். பெயர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கும் பெரிய நிகழ்வுகளில் இடம் உறுதியாகும்வரை பயணச்சீட்டு எடுப்பது வீண் துணிச்சல். பதிவுக் கட்டணம் திரும்பக் கிடைக்குமா, இடத்தை மற்றொருவருக்கு மாற்றலாமா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும்; பயிற்சியில் காயம்படுவது இந்த விளையாட்டில் அரிதல்ல.

பையும் சுமையும்

எடையாக எதை வைப்பது என்பதில் பெருமை பார்க்க வேண்டியதில்லை. இதற்கென்று விற்கும் இரும்புத் தகடு வசதியானது. முதுகோடு ஒட்டித் தட்டையாக நிற்கும். அது இல்லாவிட்டால் மணல் போதும். கெட்டியான பிளாஸ்டிக் பையில் மணலை நிரப்பி, உள்ளே காற்று தங்காதபடி அழுத்தி மூடி, அதை இன்னொரு பையில் தலைகீழாக நுழைத்து, குறுக்கும் நெடுக்குமாக அகல டேப்பால் இறுக்கிச் சுற்றினால் சிறு செங்கல் போன்ற கட்டி கிடைக்கும். இதை அப்படியே பைக்குள் போட்டால் அடியில் போய்ச் சேர்ந்து இடுப்பைப் பின்னுக்கு இழுக்கும். ஆகவே பையின் அடிப்பாகத்தில் மடித்த துண்டையோ நுரைக் கட்டியையோ வைத்து, அதன் மேல் எடையை நிறுத்தி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, முதுகுக்கு மிக அருகில் வருமாறு இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டிய பையைத் தூக்கி இருமுறை குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகரும் ஒலி கேட்டால், பத்தாவது கிலோமீட்டரில் அது உங்கள் முதுகுத்தண்டில் இடித்துக்கொண்டிருக்கும். பயணப்பெட்டிகளைத் தொங்கவிட்டு நிறுக்கும் சிறிய தராசு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு தராசும் சற்று வேறுபடும் என்பதால் விதித்த அளவுக்கு மேல் அரைக் கிலோ வரை கூடுதலாக வைத்துக்கொண்டால் வாதத்துக்கு இடமிருக்காது. விமானத்தில் செல்பவர்கள் இரும்புத் தகட்டைச் சுமந்து சென்று பாதுகாப்புச் சோதனையில் விளக்கம் சொல்வதைவிட, வெற்று மணற்பைகளை எடுத்துச் சென்று போய்ச்சேர்ந்த இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.

தோள்வார்கள் அகலமாகவும் மெத்தென்றும் இருக்க வேண்டும். மார்புப் பட்டையும் வேண்டும். நீண்ட தொலைவுக்கு இடுப்புப் பட்டையும் இருப்பது தோள்களின் பாரத்தைக் குறைக்கிறது. இது வெறும் வசதிக்காகச் சொல்வதல்ல: வார் நெடுநேரம் அழுத்துவதால் கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புக் கற்றை நசுங்கி, கையில் மரத்துப்போதலும் வலுக்குறைவும் ஏற்படுவது படைவீரர்களிடம் நெடுங்காலமாக அறியப்பட்ட ஒன்று, வாரக்கணக்கில் நீடிக்கவும் கூடும். நடக்கும்போது விரல்கள் மரத்துப்போனால் உடனே வார்களைத் தளர்த்திச் சுமையை இடுப்புக்கு மாற்ற வேண்டும். பயிற்சியில் அது திரும்பத் திரும்ப வந்தால் பையை மாற்றுவதே வழி.

பயிற்சியை அமைத்துக்கொள்வது

எடையே இல்லாமல் ஒன்றரை மணி நேரம் விறுவிறுப்பாக நடக்க முடியாதவர் முதலில் அதைச் செய்ய வேண்டும். அதன் பிறகு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைப் பையில் வைத்து 4 அல்லது 5 கிலோமீட்டரில் தொடங்கலாம். தொலைவு, சுமை, வேகம் ஆகிய மூன்றில் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டுமே கூட்ட வேண்டும் என்பது பயிற்சியின் தலையாய விதி. நுரையீரலும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் அவ்வளவு விரைவில் பழகுவதில்லை. அந்த இடைவெளியில்தான் பாத எலும்புகளிலும் கீழ்க்கால் எலும்பிலும் மயிரிழை முறிவுகள் வருகின்றன. அணிவகுப்பில் நடந்த வீரர்களிடம் முதலில் கண்டறியப்பட்டதால் பாத எலும்பில் வரும் முறிவுக்கு மார்ச் ஃபிராக்சர் என்றே பெயர் அமைந்துவிட்டது. எனவே வாரத்துக்கு ஒருமுறை நீண்ட சுமைநடை, வேண்டுமானால் இன்னொரு குறுகிய நடை, அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு நான்காவது வாரமும் அளவைக் கணிசமாகக் குறைக்க வேண்டும். உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயிற்சிக்காகச் சுமப்பதில் ஆதாயத்தைவிட ஆபத்தே அதிகம். நிகழ்வு 11 கிலோ கேட்டால், 20 கிலோவில் பழகினால் 11 இலேசாகத் தெரியும் என்ற எண்ணம் முழங்கால்களிடம் செல்லாது.

வேகத்தைக் கணக்குப்போட்டே திட்டமிட வேண்டும். 30 கிலோமீட்டரை நான்கரை மணி நேரத்தில் கடப்பதென்றால் கிலோமீட்டருக்கு 9 நிமிடம். அது எங்கும் நிற்காதவருக்கான கணக்கு. தண்ணீர் நிரப்பவும் காலுறை மாற்றவும் ஐந்தைந்து நிமிடமாக இருமுறை நின்றால், நடக்கும் வேகம் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 40 விநாடியாக இருந்தாக வேண்டும். நெடுங்கால்கள் உள்ளவர் இதை வேக நடையிலேயே தொட்டுவிடலாம். மற்றவர்கள் சமதரையிலும் இலேசான இறக்கத்திலும் பாதத்தை அதிகம் தூக்காமல் குறுகிய அடி வைத்து ஓடி, ஏற்றத்தில் நடந்து ஈடுகட்ட வேண்டும். நிகழ்வுக்கு மூன்று வாரம் முன்பு, முழுச் சுமையோடு 20 கிலோமீட்டரை 2 மணி 55 நிமிடத்தில் முடித்து, முடிக்கும்போது இன்னும் கொஞ்சம் தெம்பு மிச்சமிருந்தால் தேறிவிடலாம். பாராஸ் 10 போன்றதில் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம்கூடக் கிடைக்காது; அங்கே சுமையோடு ஓடப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை. ஓட்டத்தின் பெரும்பகுதியைப் பையில்லாமல் பயின்று, சுமையோடு ஓடுவதைச் சிறு அளவில் மட்டும் சேர்த்துக்கொள்வது முழங்காலைக் காப்பாற்றும். தொலைவு நிகழ்வுகளுக்கு வேகத்தைவிடக் காலில் நிற்கும் நேரமே முக்கியம். நிகழ்வுத் தொலைவில் மூன்றில் இரண்டு பங்கை ஒருமுறையாவது முழுச் சுமையுடன் நடந்திருக்க வேண்டும், அதுவும் நிகழ்வு நடக்கும் தரையைப் போன்ற தரையில். மணலில் நடக்க வேண்டியவர் தார்ச்சாலையில் மட்டும் பழகியிருந்தால் கெண்டைக்கால் அதைச் சொல்லிவிடும்.

மற்ற நாள்களில் குந்தி எழுதல், ஒற்றைக்கால் முன்னடி, படியேறுதல், தரையிலிருந்து எடை தூக்குதல், குதிகால் உயர்த்துதல், வயிற்றுத் தசைக்கான பயிற்சி என்று வாரத்துக்கு இருமுறை செய்தால் போதும். குழு நிகழ்வுக்குப் போகிறவர்கள் இதோடு பையை முதுகில் மாட்டியபடி தண்டால் எடுப்பது, நான்கு கால்களில் தவழ்வது, மணல்மூட்டையைத் தோளில் மாற்றி மாற்றிச் சுமப்பது, ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு நடப்பது ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். நிகழ்வு இரவில் தொடங்குமானால் இரண்டு பயிற்சிகளையாவது இரவில் வைத்துக்கொள்ளுங்கள். தலையில் மாட்டும் விளக்கின் சிறிய வட்டத்துக்குள் மேடுபள்ளத்தைக் கணிப்பதும், அதிகாலை மூன்று மணிக்கு வயிறு எதை ஏற்கும் எதை ஏற்காது என்று அறிவதும் பகலில் பழக முடியாதவை.

பாதம்

சுமைநடையில் கவனம் அனைத்தையும் தோளுக்கும் காலுக்கும் கொடுத்துவிட்டுப் பாதத்தை மறந்துவிடுகிறார்கள்; ஆனால் நடையைப் பாதியில் நிறுத்தவைப்பதில் கொப்புளத்துக்கு இணையில்லை. தோலின் மேலடுக்கும் உள்ளடுக்கும் எதிரெதிராக இழுபடுவதால் கொப்புளம் உருவாகிறது; ஈரமும் வெப்பமும் அந்த இழுபறியைக் கூட்டுகின்றன, முதுகில் உள்ள ஒவ்வொரு கிலோவும் அதற்குத் துணைபோகிறது. காலணி அரை அளவு பெரிதாக இருக்கட்டும், ஏனென்றால் சுமையின் கீழ் பாதம் நீண்டு, சில மணி நேரத்தில் வீங்கும். காலுறை கம்பளி அல்லது செயற்கை இழையாக இருக்க வேண்டும்; பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய உட்காலுறை ஒன்றின் மேல் தடித்த காலுறை அணிந்தால் உராய்வு தோலுக்குப் பதிலாக இரு துணிகளுக்கிடையே நடக்கும். இது சிலருக்கு மிகப் பொருந்தும், சிலருக்குக் காலணியை இறுக்கிவிடும். பயிற்சியில் சோதித்தே முடிவுசெய்ய வேண்டும். நகங்களை நிகழ்வுக்கு மூன்று நாள் முன்பே நேராக வெட்டிவிட வேண்டும்.

நடந்துகொண்டிருக்கும்போது குதிகாலிலோ பெருவிரலின் ஓரத்திலோ சுரீரென்று ஒரு சூடு தெரிந்தால், அடுத்த ஓய்விடம்வரை பொறுக்கலாம் என்று நினைக்காமல் அப்போதே உட்கார்ந்துவிட வேண்டும். காலணியைக் கழற்றிப் பாதத்தைத் துடைத்து உலரவிட்டு, சிவந்த இடத்தைவிட இருமடங்கு பெரிய டேப் துண்டை எடுத்து, அதன் மூலைகளை வட்டமாக வெட்டிக்கொள்ள வேண்டும். கூரிய மூலைதான் முதலில் உரிந்து சுருளும். கால்விரலை நடக்கும்போது மடங்கும் நிலையில் பிடித்துக்கொண்டு, டேப்பை இழுக்காமல் மெல்ல வைத்து, நடுவிலிருந்து வெளிநோக்கித் தேய்த்து ஒட்டுங்கள். ஒரு சுருக்கம் இருந்தாலும் எடுத்துவிட்டு மீண்டும் ஒட்ட வேண்டும், அந்தச் சுருக்கமே அடுத்த கொப்புளமாகும். இத்தனைக்கும் நான்கு நிமிடம் ஆகும். கொப்புளம் எழுந்தேவிட்டால், நடையைத் தொடர்ந்தாக வேண்டிய நிலையில் மட்டும், தூய்மையாக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றி, மேல்தோலை உரிக்காமல் மூடிக் கட்டுங்கள். நீரிழிவு நோயாளிகள் இதைத் தாமே செய்யக்கூடாது.

தண்ணீர், உப்பு, வெயில்

நைமேகன் நடை 2006-இல் கடும் வெப்பத்தில் முதல் நாளே இருவர் இறந்ததால் எஞ்சிய நாள்களுக்கு நிறுத்தப்பட்டது. 2013 ஜூலையில், ஃபேன் டான்ஸ் நடக்கும் அதே வேல்ஸ் மலைப்பகுதியில் சிறப்புப் படைத் தேர்வு நடையில் கலந்துகொண்ட மூன்று வீரர்கள் வெப்பத்தால் உயிரிழந்தனர். அவர்கள் பயிற்சி இல்லாதவர்கள் அல்லர். சுமையோடு வேகமாக நடக்கும் உடல் தானே பெருமளவில் வெப்பத்தை உண்டாக்குகிறது. முதுகை முழுதும் மூடிய பை அது வெளியேறும் வழியில் பெரும்பகுதியை அடைத்துவிடுகிறது. வெயில்காலத்தில் நிகழ்வு என்றால் அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் நாள்தோறும் ஒரு மணி நேரமாவது வெயிலில் மிதமாக நடந்து உடலைப் பழக்க வேண்டும். காய்ச்சலோடும் வயிற்றுப்போக்குக்கு மறுநாளும் போகவே கூடாது.

தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதே பெரும்பாலானோருக்குச் சரியான அளவு. பயந்துபோய் மணிக்கணக்கில் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து, தலைவலியும் குமட்டலும் குழப்பமும் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட நடையில் உப்புள்ள தின்பண்டமும் உப்பு கலந்த பானமும் வேண்டும். மாவுச்சத்தை மணிக்கு 30 முதல் 60 கிராம்வரை சிறிது சிறிதாக, பசி எடுப்பதற்கு முன்பே தொடங்கி உண்ண வேண்டும். புதிய உணவு எதையும் நிகழ்வன்று முயலக்கூடாது. நீர்ப்பையின் குழாயைக் கடித்து உறிஞ்சியபடியே நடக்கலாம் என்பதால் குழு நிகழ்வுகளில் அது பாட்டிலைவிட வசதி. பல குழு நிகழ்வுகளில் அது கட்டாயமும்கூட.

கடைசி வாரமும் நிகழ்வு நாளும்

கடைசிப் பத்து நாளில் நீண்ட சுமைநடை வேண்டாம். இலேசான எடையுடன் ஓரிரு குறு நடைகள் போதும். அதுவரை செய்யாத பயிற்சி எதுவும் இந்த வாரத்தில் பலன் தராது. கட்டாயப் பொருள்களை விதித்தாளைப் பார்த்துப் பார்த்துப் பையில் வையுங்கள். இரவு நிகழ்வானால் ஒளியை எதிரொளிக்கும் பட்டைகள், விளக்கு, அதற்கு மாற்று பேட்டரி ஆகியவையும், பொதுவாக அடையாள அட்டை, கைச்செலவுக்குச் சிறிது பணம், மாற்றுக் காலுறைகள், டேப், தோல் உராயும் இடங்களில் தடவும் களிம்பு ஆகியவையும் இருக்கும். அமெரிக்கக் குழு நிகழ்வுகளில் அந்தப் பணத்தை விலகுபவர் வண்டிக்கூலி என்று கேலியாகச் சொல்வதுண்டு. கேலியானாலும் அதில்லாமல் வரக்கூடாது என்பது விதியாகவே இருந்திருக்கிறது. கைபேசியும் மாற்று ஆடையும் காலுறையும் நீர்புகாத பையில் இருக்கட்டும். குழு நிகழ்வுகளில் தண்ணீரில் இறங்கச் சொல்வார்கள் என்றே எண்ணிக்கொள்ள வேண்டும்.

தொடங்கியதும் கூட்டத்தின் உற்சாகத்தில் முதல் மூன்று கிலோமீட்டரை அளவுக்கு மீறி வேகமாக நடப்பது எல்லோரும் செய்வது. கையில் கடிகாரம் இருந்தால் அதை மதித்து, திட்டமிட்ட வேகத்துக்குள் உங்களை அடக்கிக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் உடலை இடுப்பிலிருந்து வளைக்காமல் கணுக்காலிலிருந்து சற்றே முன்சாய்த்து, அடியைக் குறுக்கிக்கொள்ளுங்கள். இறக்கத்தில் முழங்காலை மடக்கிய நிலையிலேயே வைத்து இன்னும் குறுகிய அடியாக வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை வார்களை ஒரு விரற்கடை இறுக்கியும் தளர்த்தியும் அழுத்தம் விழும் இடத்தை மாற்றினால் தோள் நன்றி சொல்லும். குழு நிகழ்வில் பயிற்சியாளர் சொல்வதை முழுமையாகக் கேட்பது உடல் வலிமைக்குச் சமமானது, ஏனெனில் ஒருவர் தவறாகக் கேட்டதற்கு எல்லோரும் மீண்டும் தண்டால் எடுக்க நேரிடும். தெம்பாக இருக்கும்போது கூடுதல் சுமையை வாங்கிக்கொள்ளுங்கள். தளரும்போது தயங்காமல் கைமாற்றிவிடுங்கள். முடியாத நிலையிலும் விடாமல் வைத்திருப்பவரால்தான் குழுவின் வேகம் குறைகிறது.

தசை வலியும் களைப்பும் எதிர்பார்த்தவையே. ஆனால் எலும்பின் ஒரே புள்ளியில் ஒவ்வொரு அடிக்கும் கூர்மையாக எழும் வலி, பேச்சில் தடுமாற்றம், குழப்பம், வெயிலில் நடுக்கம், நெஞ்சு வலி ஆகியவற்றில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்தி மருத்துவக் குழுவை அழைக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் நடப்பவரிடம் கண்டாலும் அப்படியே. வெப்பத்தால் குழம்பியவர் தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். முடிந்த பின் ஓரிரு நாளில் சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் தசைகள் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கத் தொடங்கியிருக்கலாம். தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அப்படி எதுவும் இல்லாதவர்கள், பாதத்தை அன்றிரவே கழுவி உலர்த்திக் கொப்புளங்களைச் சுத்தமாகக் கட்டி, மறுநாள் எடையில்லாமல் சிறிது தூரம் நடக்கலாம். குறுகிய நிகழ்வுக்குப் பின் ஒரு வாரமும், இரவு முழுவதும் நீண்ட நிகழ்வுக்குப் பின் இரண்டு மூன்று வாரமும் பையைத் தொடாமல் இருப்பது நல்லது. மீண்டும் மாட்டும்போது பயிற்சியின் முதல் மாதத்தில் சுமந்த எடையிலிருந்து தொடங்குங்கள்.